நீண்ட செஸ் ஆட்டத்தில் பொசிஷனல் ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி என்றால் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும். உள்ளே பிள்ளைகள் ஆடுவார்கள், வெளியே பெற்றோர் காத்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கேட்பதும், வகுப்பில் பிள்ளைகள் கேட்பதும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கட்டங்களின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே டி5, ஈ4 என்று எழுதியிருக்கிறேன்: எழுத்து ஏ முதல் எச் வரையான நெடுக்கு வரிசை, எண் 1 முதல் 8 வரையான குறுக்கு வரிசை. பிஷப்பை மந்திரி என்றும் ரூக்கை யானை என்றும் சொல்லியிருக்கிறேன்.

"பொசிஷனல் ஆட்டம்னா என்னங்க? தாக்காம சும்மா காயை அப்படி இப்படி நகர்த்துறதா?"

தாக்குவதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்வதுதான் அது. பலகையில் உடனே மேட் எதுவும் இல்லை, இலவசமாக வெட்டக் காயும் இல்லை. பெரும்பாலான மூவ்களில் நிலைமை இப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் நம் காய்கள் எதிராளியின் காய்களைவிட நல்ல இடத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். அவனுக்குச் சரிசெய்ய முடியாத குறை ஒன்றை உண்டாக்க வேண்டும். நமக்கு அப்படி ஒரு குறை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1886-இல் முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன் ஆன வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். சின்னச் சின்ன ஆதாயங்களாகச் சேர்த்துக்கொண்டே வா, போதுமான அளவு சேர்ந்த பிறகு தாக்கு. ஆதாயம் இல்லாமல் பாய்ந்தால், எதிராளி சரியாகத் தடுத்துவிட்டால் நம் காய்கள்தான் அந்தரத்தில் நிற்கும்.

"என் பையன் பன்னிரண்டு, பதினைந்து மூவ் வரைக்கும் மனப்பாடமா ஆடுறான். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம ஏதாவது ஒரு சிப்பாயைத் தள்ளிடுறான். அந்த இடத்துல என்னதான் யோசிக்கணும்?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். என்ன செய்வதென்று தெரியாதபோது சிப்பாயைத் தொடக் கூடாது. குதிரை தப்பான இடத்துக்குப் போனால் திரும்பி வரலாம், யானையும் வரலாம். சிப்பாய் பின்னால் வராது. அது தள்ளப்பட்டபோது விட்டுவிட்டு வந்த கட்டத்தை இனி எந்தச் சிப்பாயும் காக்காமல் போகலாம். நான் பார்த்த தோல்விகளில் காய் பறிபோய்த் தோற்றவற்றைவிட, இருபது மூவுக்கு முன்னால் காரணமில்லாமல் தள்ளிய ஒரு சிப்பாயால் தோற்றவைதான் அதிகம். பையன் வெளியே வந்து "காய் எதுவும் போகல, எப்படியோ தோத்துட்டேன்" என்று சொன்னால், ஸ்கோர் ஷீட்டை வாங்கிச் சிப்பாய் மூவ்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள்.

சரி, சிப்பாயைத் தொடாமல் வேறென்ன செய்வது? முதலில் இரண்டு பக்கச் சிப்பாய்களும் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். அப்புறம், என் காய்களில் வேலையே செய்யாமல் நிற்பது எது என்று பார்க்க வேண்டும். அதற்கு நல்ல கட்டம் ஒன்றைத் தேர்ந்து, எத்தனை மூவில் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டும். எஃப்3-இல் இருக்கும் குதிரை டி2, எஃப்1, ஈ3 என்று சுற்றிக்கொண்டு போவது வீண் வேலை இல்லை. சிப்பாய்கள் மோதாமல் பூட்டிக்கிடக்கும் ஆட்டத்தில் அதற்கு நேரம் தாராளமாக இருக்கும். மூன்றாவதாக, இப்போது அவன் மூவ் என்றால் என்ன ஆடுவான் என்று பார்க்க வேண்டும். இது பெரிய விஷயம் என்பதால் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

"சிப்பாயைப் பாருன்னு சொல்றீங்க சார். எட்டு சிப்பாய்ல என்னத்தைப் பாக்குறது?"

பக்கத்து வரிசைகளில் துணைக்குச் சிப்பாய் இல்லாமல் தனியாக நிற்பது, ஒரே நெடுக்கு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது, கூட வந்தவை முன்னே போய்விட்டதால் பின்தங்கி நிற்பது. இந்த மூன்றையும் இன்னொரு சிப்பாயால் காப்பது கடினம். காய்களை நிறுத்தித்தான் காக்க வேண்டும், காவல் நிற்கும் காய்க்கு வேறு வேலை செய்ய முடியாது. இதற்கு நேர்மாறு பாஸ்ட் பான், அதாவது தன் வரிசையிலும் இரு பக்கத்து வரிசைகளிலும் தடுக்க எதிரிச் சிப்பாய் இல்லாதது. எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம், நெருங்க நெருங்க அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம், சிப்பாய்ச் சங்கிலி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய்கள் டி4, ஈ5-இல் நின்றால் சங்கிலி ராஜா பக்கம் நோக்குகிறது, வெள்ளை அங்கேதான் ஆட வேண்டும். எதிரே டி5, ஈ6-இல் நிற்கும் கறுப்புச் சங்கிலி ராணி பக்கம் நோக்குகிறது. அதனால்தான் கறுப்பு அங்கே சி5 தள்ளி அடித்தளத்தை இடிக்கப் பார்க்கிறது. பிளான் எங்கே என்று தெரியாமல் முழிக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு பார்வை போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கடைசியாக ஓட்டைக் கட்டம். எந்தச் சிப்பாயாலும் இனிக் காக்க முடியாத கட்டம். நம் வயல் வரப்பில் நண்டு வளை விழுந்தால் எப்படியோ அப்படித்தான். வெளியே பார்த்தால் வரப்பு முழுசாக நிற்கும், தண்ணீர் மட்டும் அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

"ஓட்டைக் கட்டம்னு சொல்றது புரியல. ஒரு ஆட்டத்தை வெச்சு சொல்லுங்களேன்."

1945-இல் மாஸ்கோவில் ஸ்மிஸ்லோவ் வெள்ளையிலும் ருடகோவ்ஸ்கி கறுப்பிலும் சிசிலியன் என்ற தொடக்க முறையில் ஆடிய ஆட்டத்தைத்தான் நான் எப்போதும் பலகையில் போட்டுக் காட்டுவேன். 11-ஆவது மூவில் கறுப்பு ஈ5 தள்ளுகிறது. மந்திரியை விரட்டும் இயல்பான மூவ் மாதிரிதான் தெரியும். ஆனால் சி-சிப்பாய் ஏற்கெனவே வெட்டுப்பட்டுப் போய்விட்டது, ஈ-சிப்பாய் டி5-ஐத் தாண்டி முன்னே வந்துவிட்டது. இனி டி5-இல் வந்து உட்காரும் காயை விரட்டக் கறுப்பிடம் சிப்பாயே கிடையாது. டி6 சிப்பாயும் பின்தங்கிவிட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஸ்மிஸ்லோவ் குதிரையை உடனே டி5-க்குக் கொண்டுபோகவில்லை. அந்தக் கட்டத்தைக் காக்கும் காய்கள் இரண்டு: ஈ6 மந்திரி, எஃப்6 குதிரை. முதலில் எஃப்5 தள்ளி மந்திரியை விரட்டுகிறார். அது சி4-க்குப் போனதும் தன் மந்திரியால் வெட்டி மாற்றிக்கொள்கிறார். அடுத்து இன்னொரு மந்திரியை ஜி5-க்குக் கொண்டுவந்து எஃப்6 குதிரையை வெட்டுகிறார். காவல் இரண்டும் போன பிறகு, 17-ஆவது மூவில் குதிரை டி5-இல் வந்து உட்காருகிறது. கறுப்பிடம் மிஞ்சியது கறுப்புக் கட்டத்து மந்திரி. அதன் சொந்தச் சிப்பாய்களான டி6, ஈ5 இரண்டும் கறுப்புக் கட்டத்திலேயே நின்று அதன் வழியை அடைக்கின்றன. டி5 வெள்ளைக் கட்டம் என்பதால் அந்தக் குதிரையை அந்த மந்திரியால் எந்தக் காலத்திலும் தொட முடியாது. அதற்குப் பிறகுதான் ராஜா பக்கத் தாக்குதல். 28-ஆவது மூவில் கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது.

பிள்ளைகள் இந்த மாதிரி நிலையில் செய்யும் தவறு ஒன்று உண்டு. டி5-இல் தங்கள் காயை அவன் வெட்டியதும் அவசரப்பட்டு ஈ4 சிப்பாயால் திருப்பி வெட்டிவிடுவார்கள். இப்போது டி5-இல் நம் சிப்பாயே உட்கார்ந்துகொண்டது, ஓட்டையை நாமே அடைத்துக் கொடுத்துவிட்டோம். முடிந்தவரை காயால் வெட்டுங்கள்.

"மந்திரிக்கும் மூணு பாயிண்ட், குதிரைக்கும் மூணு பாயிண்ட். எதைக் கொடுத்து எதை வாங்கினா என்ன?"

பாயிண்ட் கணக்கு ஆரம்பத்துக்கு மட்டும்தான். மேலே சொன்ன ஆட்டத்தில் இரண்டுக்கும் மூன்றுதான், ஆனால் ஒன்று ஆட்டத்தை ஆண்டது, மற்றது சும்மா நின்றது. நடுவில் சிப்பாய்கள் பூட்டிக்கிடந்தால் குதிரைக்கு வாழ்வு. நடு திறந்திருந்து, இரண்டு ஓரத்திலும் சிப்பாய்கள் இருந்தால் மந்திரி நல்லது. உங்கள் சிப்பாய்கள் உங்கள் மந்திரியின் நிறத்துக் கட்டங்களிலேயே நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால், அந்த மந்திரியை எதனுடனாவது மாற்றிவிட வழி தேடுங்கள்.

"யானையைத் திறந்த வரிசையில வை, திறந்த வரிசையில வைன்னு சொல்றாங்க. வெச்சாச்சு. அப்புறம்?"

வைத்ததும் எதிராளியும் அங்கே யானையைக் கொண்டுவருவான். எல்லா யானைகளும் வெட்டுப்பட்டு டிரா. நம் பிள்ளைகளின் ஆட்டங்களில் பாதி இப்படித்தான் முடிகின்றன. வரிசை திறந்திருந்தால் போதாது, அது நம் கையில் இருக்க வேண்டும். அங்கிருந்து ஏழாவது குறுக்கு வரிசைக்குள் இறங்க ஒரு கட்டமும் வேண்டும்.

1974 நீஸ் ஒலிம்பியாடில் வெள்ளையில் ஆடிய அனதோலி கார்போவ், உன்சிக்கருக்கு எதிராக ஏ-வரிசையில் செய்ததைப் பாருங்கள். இரண்டு பேர் யானைகளும் அங்கே மோதும் நிலை. 24-ஆவது மூவில் கார்போவ் தன் மந்திரியை ஏ7-இல் கொண்டுபோய் வைத்து வரிசையைத் தானே அடைத்துவிட்டார். அந்த மறைவுக்குப் பின்னால் தன் யானைகளை இரட்டையாக அடுக்கினார். மந்திரி எப்போது நகர்ந்தாலும் வரிசை வெள்ளைக்குத்தான். கறுப்போ எந்நேரமும் அதையே நினைத்துக்கொண்டு காவல் நிற்க வேண்டும். இந்த ஆட்டம் கீழே இன்னொரு கேள்விக்கும் வேண்டும், நினைவில் வையுங்கள்.

"ஒரு சிப்பாய் கூட இருக்கு. எல்லாத்தையும் வெட்டி மாத்திட்டா ஜெயிச்சிடலாம்ல?"

கூடுதலாக இருப்பவன் காய்களை மாற்றுவான், குறைவாக இருப்பவன் சிப்பாய்களை மாற்றுவான். பொதுவாக இது சரிதான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் பலகையில் மிஞ்சுவது என்ன என்று பார்க்க வேண்டும். வெட்டுப்படும் இரண்டு காயையும் பார்ப்பதால் பயனில்லை, அவை போய்விடும்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம், ஸ்கோர் 6.5–6.5. கறுப்பில் ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. சரியாகத் தடுத்தால் டிரா. 55-ஆவது மூவில் டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். களைத்த மனம் தேடும் எளிய வழி அது. ஆனால் அவருடைய மந்திரி ஏ8 மூலையில் நின்றது. யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை டி5-இல் வைத்தார், மந்திரிகளும் மாறித்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது. மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும் மட்டும் உள்ள எண்ட்கேம், அது குகேஷுக்கு வெற்றி. 58 மூவில் முடிந்தது, பதினெட்டு வயதில் உலக சாம்பியன். ராஜா-சிப்பாய் எண்ட்கேமுக்குள் போகும் மாற்றத்தைக் கடைசிவரை எண்ணிப் பார்க்காமல் செய்யவே கூடாது. அதற்குப் பத்து நிமிடம் செலவழித்தால் தப்பில்லை.

"அவன் என்ன ஆடப்போறான்னு பாருன்னு சொல்றீங்க. அதையே பாத்துக்கிட்டிருந்தா நாம எப்ப சார் ஆடுறது?"

அவன் செய்ய ஆசைப்படும் ஒன்றைத் தடுப்பதும் ஆட்டம்தான். 1963 முதல் 1969 வரை உலக சாம்பியனாக இருந்த டிக்ரான் பெட்ரோசியன் இதில் கைதேர்ந்தவர். அவரிடம் தோற்றவர்களின் ஆட்டங்களைப் பார்த்தால், அவர்களுடைய எந்தத் திட்டமும் தொடங்கவே இல்லை என்பது தெரியும்.

எளிய உதாரணம். வெள்ளைக்கு டி4-இல் தனிச்சிப்பாய் இருக்கிறது. டி5 தள்ளிவிட்டால் வெள்ளைக் காய்களுக்கெல்லாம் வழி திறந்துவிடும். கறுப்பு டி5-இல் குதிரையை வைத்துவிட்டால் அது நடக்காது. ஒரே மூவில் அவன் திட்டம் நின்றது, நம் குதிரைக்கும் யாரும் சிப்பாயால் விரட்ட முடியாத இடம் கிடைத்தது. நல்ல தடுப்பு மூவ் பெரும்பாலும் இப்படி இரண்டு வேலை செய்யும். "எதற்கும் இருக்கட்டும்" என்று எச்3 தள்ளுவது இந்தக் கணக்கில் வராது. அதற்கு இரண்டாவது கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

"அவன்கிட்ட ஒரு பலவீனம் இருக்கு. எல்லாக் காயையும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்திட்டேன். அவனும் அத்தனை காயையும் வெச்சுக் காக்குறான். ஆட்டம் நகரவே மாட்டேங்குது."

ஒரு பலவீனத்தை வைத்துச் சரியாக ஆடுகிறவனைத் தோற்கடிப்பது கடினம். இரண்டாவது ஒன்று வேண்டும், முடிந்தவரை பலகையின் மறு ஓரத்தில். நடுவில் நமக்கு இடம் அதிகம் என்றால் நம் காய்கள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இரண்டு மூவில் போகும், நெருக்கடியில் இருக்கும் அவன் காய்களுக்கு நாலு மூவ் ஆகும். அந்த வித்தியாசத்தில்தான் வெற்றி வருகிறது.

கார்போவ் ஆட்டத்துக்குத் திரும்புவோம். ஏ-வரிசையைக் காக்கக் கறுப்புக் காய்கள் ராணி பக்கம் கட்டுண்டு கிடந்தபோது, 30-ஆவது மூவில் அவர் எஃப்4, அடுத்து எஃப்5 என்று மறுபக்கத்தில் தள்ளினார். பிறகு இன்னொரு மந்திரி, குதிரை, ராணி எல்லாம் ராஜா பக்கம் போயின. 44-ஆவது மூவில் உன்சிக்கர் ஒப்புக்கொண்டார். ஏ7-இல் வைத்த மந்திரி கடைசிவரை அங்கிருந்து நகரவே இல்லை, வரிசையைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. அவசரப்படாமல் ஆட வேண்டிய கட்டம் இது. அவனால் எதுவும் செய்ய முடியாதபோது நாம் ராஜாவை ஒரு கட்டம் சரிசெய்துகொண்டு வந்தால்கூட நஷ்டமில்லை.

"மூணு மணி நேரம் நல்லா ஆடிட்டு நாலாவது மணி நேரத்துல சொதப்பிடுறா. பாதாம் பால் கொடுத்தா சரியாகுமா?"

கொடுங்கள், நல்லதுதான். ஆனால் காரணம் பெரும்பாலும் நேரத்தைச் செலவழித்த விதம். 90 நிமிடமும் மூவுக்கு 30 விநாடியும் உள்ள ஆட்டத்தில் 60 மூவ் போனால் ஒருவருக்கு 120 நிமிடம், ஆட்டம் நாலு மணி நேரம் வரை போகும். மனப்பாடமான மூவ்களுக்கு நேரம் செலவழிக்கக் கூடாது. மனப்பாடம் முடியும் இடத்தில், சிப்பாய் அமைப்பு மாறப்போகும் இடத்தில், பெரிய காய்கள் மாறும் இடத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இடையில் அவன் யோசிக்கும்போது எழுந்து நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். மதிய ஆட்டத்துக்கு முன்னால் பிரியாணி மட்டும் வேண்டாம், தயிர்சாதம் போதும்.

எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு: 2021 டிசம்பர் 3, துபாயில் கார்ல்சன், நெபோம்னியாஷிக்கு எதிராக ஆடிய ஆறாவது ஆட்டம் 136 மூவ், ஏறத்தாழ எட்டு மணி நேரம். உலக சாம்பியன்ஷிப் வரலாற்றில் மிக நீண்டது. கடைசியில் யானை, குதிரை, இரண்டு சிப்பாய்களை வைத்துக்கொண்டு ராணியை எதிர்த்து வென்றார். அதுவரை ஐந்து ஆட்டங்களும் டிரா. டிரா கோர வழிசெய்யும் 50 மூவ் விதியும் மூன்று முறை அதே நிலை வரும் விதியும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். இரண்டு முறை அதே நிலைக்கு வந்து கடிகாரத்தில் சில விநாடி சேர்த்துக்கொள்வது நியாயமான வழிதான், மூன்றாவது முறை வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

"ஆட்டம் முடிஞ்சதும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறோம். பிளஸ் 0.4ன்னு காட்டுது. அதை வெச்சு என்ன தெரிஞ்சுக்கிறது?"

பிளஸ் 0.4 என்றால் வெள்ளைக்கு அரைச் சிப்பாய்க்கும் சற்றுக் குறைவான ஆதாயம் என்று அர்த்தம். ஆனால் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் பிள்ளையே பலகையில் வைத்து, ஒவ்வொரு பத்து மூவுக்கும் தன் திட்டம் என்னவாக இருந்தது என்று எழுதட்டும். எங்கே எழுத ஒன்றும் இல்லையோ அங்கேதான் பாடம் இருக்கிறது. பிறகு கம்ப்யூட்டரின் செஸ் இன்ஜினைப் போட்டு, அது சொல்லும் மூவில் எந்தக் காய் நல்ல இடத்துக்குப் போகிறது, எந்தக் கட்டம் பலவீனமாகிறது என்று கேளுங்கள். எண் பதில் சொல்லாது, காய்களைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"திருப்பூவனூர் போய் வேண்டிக்கிட்டோம். ஆனா இங்க கோச்சிங் வசதி இல்லையே. சென்னைக்குப் போனாத்தான் முடியுமா?"

நீடாமங்கலம் பக்கத்தில் உள்ள திருப்பூவனூரில் இறைவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் வல்லவளான இளவரசி ராஜராஜேஸ்வரியோடு சித்தர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். நம் மண்ணில் இந்த ஆட்டத்துக்கு ஒரு கோயிலே இருப்பது எனக்கு எப்போதும் பெருமைதான்.

உள்ளதைச் சொல்கிறேன். விஸ்வநாதன் ஆனந்த் 1969-இல் பிறந்தது நம் மயிலாடுதுறையில்தான், வளர்ந்ததும் ஆடக் கற்றதும் வெளியே. பெரிய போட்டிகளுக்கும் பலமான எதிராளிகளுக்கும் சென்னை தேவைப்படும். ஆனால் பொசிஷனல் அறிவு அங்கே போய்த்தான் வர வேண்டும் என்பதில்லை. இங்கே சொன்ன ஆட்டங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஓர் ஆட்டம் போதும். அடுத்த மூவை மறைத்துவைத்து, நீயாக இருந்தால் என்ன ஆடுவாய் என்று கேட்டு, பலகையில் கையால் வைத்துப் பார்க்க வேண்டும். போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனால் ஒன்றும் நிற்காது.

"யானையைக் கொடுத்து மந்திரியை வாங்கிட்டு, அது நல்ல மூவ்னு சொல்றாங்க. அஞ்சைக் கொடுத்து மூணு வாங்குறது எப்படி சார் நல்லதாகும்?"

மேலே உள்ள பதில்கள் எல்லாம் சேரும் இடம் இது. 1953 சூரிச் போட்டியில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகப் பெட்ரோசியன் கறுப்பில் ஆடினார். வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் டி4, ஈ5-இல் நின்று முன்னேறப் பார்க்கின்றன. பெட்ரோசியனின் குதிரை டி5-க்குப் போய்விட்டால் அவை நின்றுவிடும். அங்கே போக ஈ7 வழியாகத்தான் பாதை, அதில் அவருடைய யானையே நிற்கிறது. 25-ஆவது மூவில் அந்த யானையை ஈ6-இல் கொண்டுபோய் வைத்தார், வெள்ளை மந்திரி அதை வெட்டக்கூடிய கட்டம். வெள்ளை வெட்டியது. எஃப்-சிப்பாயால் திருப்பி வெட்டினார், குதிரை ஈ7 வழியாக டி5-இல் வந்து உட்கார்ந்தது. அதை விரட்டச் சிப்பாய் இல்லை, அதனுடன் மாற்றிக்கொள்ள வெள்ளைக் கட்டத்து மந்திரியும் இப்போது இல்லை. யானைகள் இரண்டு இருந்தும் வெள்ளைக்கு உள்ளே நுழைய வழி கிடைக்கவில்லை.

ஆகவே இதை ஆடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். என் காய்க்கு யாராலும் விரட்ட முடியாத கட்டம் இருக்கிறதா? அவன் யானைகளுக்குத் திறந்த வரிசை கிடைக்காமல் இருக்குமா? என் ராஜா பத்திரமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் துணிந்து கொடுக்கலாம். பெட்ரோசியன் அந்த ஆட்டத்தை ஜெயிக்கவில்லை, டிராதான். ஆனால் அந்த மூவை ஆடாமல் இருந்திருந்தால் வெள்ளைச் சிப்பாய்கள் அவரை நசுக்கியிருக்கும்.